ஐந்து வாரக் கழுத்தில் ஒரு கட்டி

ஸ்கேன் எடுக்கும் நம் தொழிலில், பெரியவர்களிடம் மூச்சை அடக்கச் சொல்லலாம். ஐந்து வாரக் குழந்தையிடம் கெஞ்சத்தான் முடியும், உங்களுக்கே தெரியும்.

பசியாறும் வரை

மார்சிலிங்கிலிருந்து கவிதாவும் பிரகாஷும் மகனைக் கொண்டுவந்திருந்தார்கள். கழுத்தின் வலப்பக்கம் ஒரு கட்டி. பால் குடித்து உறங்கட்டும் என்று காத்திருந்தோம். மைமூன் அக்காவும் வந்திருந்தார். தினமும் வீட்டுக்கு வந்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுபவர். யாரும் அழைக்காமல், புக்கிட் மேராவிலிருந்து தானே ரயிலேறி வந்தவர். அவர் கை பட்டுத்தான் கட்டி வந்தது என்ற பழி நிலைத்தால் இனி எந்த வீட்டிலும் குழந்தையை அவர் கையில் தரமாட்டார்கள்.

பிரகாஷ் அவர் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "இவங்க உருவுனதுலதான் கழுத்து பிசகிருக்கு. அத மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க, போதும்."

முகம் காட்டாமல்

பால் குடித்தும் யார் கையிலும் அடங்காத குழந்தை, கடைசியில் அக்காவின் மடியில்தான் உறங்கினான். தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஜெல்லை வெதுவெதுப்பாக்கித் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தேன். இடப்பக்கத் தசை மெல்லிய பட்டை. வலப்பக்கத் தசையோ நடுவில் தடித்து, இரு முனையும் ஒடுங்கி, நூற்கும் கதிர்போல் இருந்தது. தலையை மெல்லத் திருப்பினேன். தடிப்பும் தசையோடு சேர்ந்தே நகர்ந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் டாக்டர் பார்க்கும்வரை நாம் வாய் திறக்கக்கூடாது. படங்களைச் சேமித்தேன்.

அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மெதுவாகச் சொன்னார்: "திருப்புனா கூடவே வருதுல்ல? குளிப்பாட்டும்போது என் விரலுக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அதான் டாக்டர்கிட்ட போகச் சொன்னேன்."

டாக்டர் வந்த பிறகு

டாக்டர் தானும் ஒருமுறை கருவியை வைத்துப் பார்த்தார். பிறந்து சில வாரங்களில் தெரியவரும் தசை வீக்கம்தான், எண்ணெய் தேய்த்ததால் வருவதில்லை, கழுத்துப் பயிற்சியில் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றார். "ஆரம்பத்துலயே கவனிச்சிருக்கீங்க. யாரு?" என்று கேட்டார். கவிதா அக்காவைக் கைகாட்டி, அப்போதுதான் அழுதார்.

பிரகாஷ் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, "சாரிக்கா, பயத்துல பேசிட்டேன்" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "அதெல்லாம் அப்புறம்லா தம்பி. மொதல்ல புள்ள தலையத் தாங்கிப் புடிங்க."

நம் அறிக்கையில் ஸ்கேன் எடுத்தவர், பார்த்தவர், கையெழுத்திட்டவர் என எல்லோருக்கும் இடமுண்டு. முதலில் விரலால் கண்டவருக்கு மட்டும் ஒரு வரிகூடக் கிடையாது.