அந்தோனியார் காலடியில் வைத்த கப்பல் பத்திரங்கள்

சகோதரிகளே, என் மன்றாட்டு கேட்கப்பட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இனிப்பாகச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

1969 ஆனி, அதாவது ஜூன் மாதம். ஊர்காவற்துறையில் என் வீட்டுக்காரர் மரியதாஸ் கடலட்டை அவித்து உலர்த்திச் சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கடலில் இறங்கி அட்டை பிடித்தவர்கள் பதினொரு பேர். ஒரு பருவம் முழுக்கப் பிடித்ததை எங்களை நம்பித் தந்திருந்தார்கள். சரக்கு கொழும்பில் கப்பல் ஏறிவிட்டது. சிங்கப்பூர் முதலாளியின் வங்கி எல்.சி. என்று ஓர் உறுதிக் கடிதம் அனுப்பியிருந்தது. அதில் குறித்த கடைசித் திகதிக்குள் கப்பல் பத்திரங்களை யாழ்ப்பாணத்து வங்கியில் ஒப்படைத்தால் பணம் நிச்சயம். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உறுதி போய்விடும். பிறகு முதலாளி தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை. எங்கள் கடைசித் திகதி ஆனி பதினாலு. கன்னியர் மடத்தில் ஆங்கிலம் படித்ததால் அதை வாசித்துச் சொன்னவளே நான்தான்.

பத்திரங்கள் தபாலில் வந்த அன்று அந்தோனியார் நவநாள் தொடங்கியது. கோயில் மூப்பர் சவிரிமுத்து வீட்டுக்கு வந்தார். ஒன்பது நாளும் அவற்றை அந்தோனியார் காலடியில் வைத்து, திருநாள் முடிய எடுத்துப் போனால் ஒரு குறையும் வராது என்றார். எங்கள் ஊரில் புது வலையை அப்படி வைப்பதுதான். என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். திருநாள் பதின்மூன்று, மறுநாள் கடைசி நாள். இடையில் ஒரு நாள்கூட மிச்சமில்லை என்று கணக்குப் பார்த்தேன். ஆனாலும் பீடத்துக்கு எதிராக எப்படி வாய் திறப்பது? பேசாமல் இருந்துவிட்டேன். அது என் பிழை.

பதினாலாம் திகதி காலை போனால் கோயில் பூட்டிக் கிடந்தது. மூப்பர் பூட்டின் திறப்பையும் கொண்டு நெடுந்தீவில் மகள் வீட்டுக்கு வள்ளம் ஏறியிருந்தார். பங்குச் சுவாமியும் ஊரில் இல்லை. பூட்டை உடைப்போம் என்றேன்.

"கோயில் பூட்டை உடைக்கிறதோ? உமக்கென்ன விசரே?" என்றார் இவர்.

"பதினொரு வீட்டின்ர வயித்தில அடிக்கிறதைவிட அது பெரிய பாவமோ?" என்றேன்.

அவர் கதவை மறித்து நின்றார். உடைக்க விடவில்லை.

பகல் முழுவதும் கோயில் படியில் இருந்தேன். அட்டை பிடித்தவர் ஒருவரின் மனைவி, பிள்ளைத்தாய்ச்சி, வந்து காசு எப்போது வரும் என்று கேட்டாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. செபமாலை கையில் இருந்தும் உருட்டவில்லை. கோபத்தோடுதான் செபித்தேன். "ஆண்டவரே, உம்முடைய வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டீர். இனி நீரே வழி காட்டும்."

பொழுது சாயத்தான் மூப்பர் வந்தார். அவர் திறந்து எடுத்துத் தந்த பத்திர உறையில் மெழுகு வடிந்திருந்தது. ஏதும் தப்பாகப் போனால் அது எங்கள் விசுவாசக் குறைவாம். கூசாமல் சொன்னார்.

அப்போது அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவின் கணக்கில் கிழமைக்கொன்றாக வரும் பௌத்தரின் போயா நாளைக் கொடுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வங்கி திறக்கும், பள்ளிக்கூடம் நடக்கும். ஆண்டவருடைய நாளைப் பறித்துவிட்டார்கள் என்று நான் திட்டாத கிழமை இல்லை. மறுநாள் ஞாயிறு. எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு இவர் பூசைக்கு வெளிக்கிட்டார். மூப்பரோடு ஒரே கோயிலில் முழந்தாளிட எனக்கு மனம் வரவில்லை. பத்திரங்களோடு தனியே பஸ் ஏறினேன். கெஞ்சிப் பார்க்கலாம் என்பதைத் தவிர வேறு எண்ணம் இல்லை.

வங்கி உத்தியோகத்தர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். மெழுகைச் சுரண்டிவிட்டு ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். ஒரு நாள் பிந்திவிட்டது ஐயா என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிந்தேல்லை அம்மா. நேற்றுப் போயா, நாங்கள் பூட்டு. கடைசி நாள் பூட்டின நாளில விழுந்தால் அடுத்த வேலைநாள் செல்லும். விதியிலேயே அப்பிடித்தான் கிடக்கு."

எங்கள் வீட்டில் தொங்கியது கோயில் கலண்டர். அதில் போயா குறித்திருக்காது. திருநாள் அமளியில் பிள்ளைகளும் அந்தக் கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டிய போயாவை வைத்தே ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார். உத்தியோகத்தர் அதை ஒரு வரியாகத் தட்டச்சில் அடித்து முத்திரை குத்தினார். பணம் வந்தது. பதினொரு பேருக்கும் பங்கு போனது.

ஊரில் நடந்தது வேறு. பத்திரங்கள் ஒன்பது நாள் காலடியில் இருந்ததால் அந்தோனியார் செய்த புதுமை என்று மூப்பர் கோயிலில் அறிவித்தார். பூட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் ஞாயிறு பூசையை விட்டதைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசினார்கள்.

ஆண்டவருக்கு மனமார நன்றி சொல்கிறேன். எங்கள் மடைத்தனத்தைப் பாராமல் இரங்கினார். அதன் பிறகு பத்திரம் வந்த அன்றே நானே வங்கிக்குக் கொண்டுபோகிறேன். யார் முகம் சுளித்தாலும் வாய் திறக்கிறேன். சகோதரிகளே, வழி அடைபட்டால் நீங்களும் அவரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம், கோபமாகவே கூப்பிடுங்கள். கேட்பார்.

அந்த ஞாயிற்றைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும்படி இவர் இன்றும் கேட்கிறார். நான் சொல்லவில்லை. வங்கி மேசைக்கு முன் நான் அழுதபோது ஆண்டவர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியும்.