திரும்பி நின்ற பல்

பல் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு இந்த செமஸ்டரில் இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. பல்லே இல்லாத ஒருவருக்கு மேலும் கீழும் முழுப் பல்செட் செய்து, வாயில் பொருத்திக் காட்டி, பேராசிரியரிடம் வாங்க வேண்டிய கையெழுத்து. கிடைத்தால் பரீட்சை எழுதலாம். கிடைக்காவிட்டால் கூடப் படிப்பவர்கள் எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போய்விடுவார்கள், அவள் மட்டும் இதே ஹாலில் இதே பச்சை நாற்காலியின் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். இன்றுதான் கடைசி நாள்.

பல்செட் தயார். ஆளும் வந்துகொண்டிருக்கிறார். ஆனால் பல்செட்டில் ஒரு பல் திரும்பியிருக்கிறது.

வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘பொறுங்க’. செமஸ்டர் தொடக்கத்திலிருந்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் "கொஞ்சம் பொறுங்க, இதோ முடிஞ்சிடும்" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். சொன்னபடி ஒன்றும் முடிந்ததில்லை என்பது வேறு விஷயம். அவள் கை அப்படி. ஊசியைப் பார்த்து நோயாளி பயப்படுவதற்கு முன்னால் இவள் பயந்துவிடுவாள்.

வைத்தியம் பார்ப்பதைவிட ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. யாருக்கு எத்தனை பல் என்ன செய்தோம் என்று கல்லூரி கணக்குக் கேட்கும். அதற்கு வாய் வேண்டுமே! கல்யாண வீட்டில் அம்மா எல்லோர் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் இவள் எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு முனைச் செருப்புக்கடைக்காரர் கொட்டாவி விட்டபோது இவள் நின்று எட்டிப் பார்த்ததில் அந்த மனிதர் கடையையே சாத்தப் பார்த்தார். ஒருவழியாகப் பல்லில்லாத பெரியவர் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, காலையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தால், கூடப் படிக்கும் புண்ணியவதி ஒருத்தி டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து அவரைத் தன் நாற்காலிக்குக் கடத்திக்கொண்டு போயிருந்தாள். பிறகு அழுது என்ன பயன்?

வேறு வழியில்லாமல்தான் பொக்கை வாய் மாமாவிடம் போனாள். மாமா என்றால் அப்பாவின் அக்காவைக் கட்டியவர். துணி ஆலையில் சோதனை மேஜையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்கைப் போட்டு, துணியைப் பிரித்துப் பிரித்து, எங்கே நூல் அறுந்திருக்கிறது, எங்கே சாயம் திட்டாயிருக்கிறது என்று பார்த்துச் சாக்கட்டியால் குறி போடுவது அவர் வேலை. வேலையை விட்டாரே தவிர சாக்கட்டியை விடவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். அம்மா புதுத் திரைச்சீலை போட்டால் ஒரு பக்கம் இறக்கம், அப்பா பெட்டி வாங்கினால் பூட்டு மட்டம். ‘நன்றாக இருக்கிறது’ என்று அவர் வாய் சொல்லிக் கேட்டவர் குடும்பத்தில் எவரும் இல்லை என்று அம்மா சத்தியம் செய்வாள்.

அவரிடம் அளவெடுத்த அன்றே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அச்செடுக்க வாயில் வைத்த மாவு தொண்டைக்குள் இறங்க, மாமா குமட்டிக்கொண்டு எழுந்து, கழுத்துத் துணியோடு மாடிப்படி வரைக்கும் போய்விட்டார். அத்தைதான் சமாதானம் பேசித் திரும்பக் கூட்டிவந்தாள். "இன்னொரு தடவை இந்த மாவை வாயில வெச்சே, பல்லே வேணாம்னு பொக்கை வாயோடயே போய்ச் சேர்ந்துடுவேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

பல் திரும்பியது அதற்குப் பிறகு. மெழுகில் பல்லை அடுக்கி அவர் வாயில் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அச்சுக்குள் வைத்து, கொதிநீரில் மெழுகை உருக்கி எடுக்கும்போது எப்படியோ ஒன்று நகர்ந்திருக்கிறது. செட்டை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கண்ணில் பட்டது. மேல் வரிசையில், நடுப்பல்லுக்கு அடுத்த பல், வரிசையில் நிற்கும்போது பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கிற ஆளைப் போல நின்றது. மாற்றிச் செய்ய நேரமில்லை. புதிதாகச் செய்யலாம் என்றால் மறுபடி மாவு, மறுபடி மாமா.

மாமா வந்து சேர்ந்தார். படி உயரம் என்றார், லிப்டில் விளக்கு மங்கல் என்றார், நாற்காலியின் தலைமாட்டில் தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு, எல்லாக் கடவுளையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, கீழ்ச் செட்டை வைத்தாள். மேல் செட்டை வைத்து அழுத்தினாள். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"கண்ணாடி எங்கே?" என்றார் மாமா.

"கொஞ்சம் பொறுங்க மாமா, இதோ."

அதற்குள் அத்தை எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது, அதை அவள் கவனிக்கவில்லை.

"ஏங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. ஐயோ, அப்ப உங்களுக்கு இந்தப் பல்லு இப்படித்தாங்க திரும்பி நிக்கும்! பொண்ணு பாக்க வந்தன்னிக்கு நான் முதல்ல பாத்ததே அதைத்தான்." சொல்லிவிட்டு, இந்த வயதில் வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார். விளக்கைத் தன் பக்கம் இழுத்தார். உதட்டைத் தூக்கி, இடப்பக்கம், வலப்பக்கம் என்று சோதனை மேஜைப் பார்வை பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார்.

நெற்றியில் பெரிய லென்ஸ் மாட்டிக்கொண்டு அலைவதால் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"என்னம்மா இது? இந்தப் பல்லு ஏன் திரும்பியிருக்கு? வேணும்னே வெச்சியா?"

பதிலை அத்தை இப்போதுதான் தட்டில் வைத்துக் கொடுத்திருந்தாள். பழைய பல் இப்படித்தான் இருந்தது சார், கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தேன் என்று சொன்னால் போதும், பாராட்டே கிடைக்கும். அந்தப் பொய் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அத்தை இன்னும் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு மார்க் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல சார். மெழுகு உருக்கும்போது தெரியாம நகர்ந்துடுச்சு. கடைசியிலதான் பார்த்தேன்."

"அப்ப தப்புதான். கழட்டச் சொல்லு. திருப்பிச் செய்யணும்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள். "மாமா, கொஞ்சம் கழட்டித் தாங்க" என்றாள்.

மாமா வாயை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, வாயைத் திறங்க" என்றார் பேராசிரியர்.

மாமா தலையை ஆட்டினார். பிறகு பல்லைக் கடித்தபடியே, "தர மாட்டேன்" என்றார்.

"திருத்திக் கொடுப்பாங்க ஐயா. ஒழுங்கா, வரிசையா."

"பல்லு யாருக்கு? உங்களுக்கா, எனக்கா? என் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டா. இனிமே இது என் பல்லு."

ஹாலில் மற்ற நாற்காலிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பாதி அளவெடுத்த ஒருவர் வாயில் மாவோடு திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் விடவில்லை. "ஆ காட்டுங்க, கழட்டல, சும்மா பார்க்கறேன்" என்று நயமாகப் பேசித் திறக்க வைத்து, இரண்டு விரலை விட்டு மேல் செட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஆட்டினார். அசையவில்லை. ஒரு காலைப் பின்னால் ஊன்றிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். மாமாவின் தலைதான் கூட வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் அந்தப் பெண்ணை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"என்னாலயே எடுக்க முடியல. இதுக்கு மேல என்ன பொருந்தணும்? திரும்பின பல்லுக்கு மார்க் குறைப்பேன், தெரியுதா?"

"குறைச்சுக்கோங்க சார்" என்றாள் அவள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் அவரிடம் மார்க்கைக் குறைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அத்தையும் மாமாவும் கிளம்பிப் போன பிறகு அவள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். ஓடின ஓட்டம், பிடித்த வாய்கள், பறிகொடுத்த பெரியவர், தூங்காமல் உருக்கிய மெழுகு, எல்லாம் முடிந்துவிட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆச்சாடி?"

"ஆச்சும்மா. கையெழுத்துப் போட்டுட்டார்."

அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பல்லைப் பார்த்துட்டு உங்க மாமா என்ன குறை சொன்னார்? என்ன சொல்லியிருந்தாலும் மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். கண்ணாடியில் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது, கிளம்பும்போது தலையில் கை வைத்துவிட்டுப் போனது.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணுமே."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அப்படி ஒண்ணு நடந்ததே இல்லையேடி" என்றாள் அம்மா.