வருவது ஒன்றரை மணி நேரம்

பயணியின் விமான டிக்கெட்டை வாங்கி, ஒரு சாண் தள்ளிப் பிடித்து முழுக்கப் படித்து முடிக்கும்வரை ஆண்டிச்சாமியின் ஷேர் ஆட்டோ நகராது. அவனியாபுரத்தில் ஏர்போர்ட்டுக்கு ஏறுகிறவர்கள், வழியனுப்பும் குடும்பத்தோடுதான் ஏறுவார்கள். அதில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் அம்மாவாகப் பார்த்துப் பிடித்து, அவர் தன் கணக்கைச் சொல்லுவார்.

"சிங்கப்பூரு போகத்தேன் ஆறரை மணி நேரம்க்கா. பன்னெண்டுக்கு ஏறுனா சாயங்காலம் ஆறரைக்கு எறக்கிவிடுவான். வாரது ஒன்றரை மணி நேரந்தேன். அங்கன ஒம்பதரைக்கு ஏறுனா பதினொண்ணுக்கு மதுரை. டிக்கெட்டுலயே போட்டிருக்கான், பாருங்க."

படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, போனாலும் வந்தாலும் மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று விளக்குவார்கள். மனுஷன் அசைந்து கொடுப்பாரா? "வீட்டுக்குத் திரும்புற வழி என்னைக்கும் பக்கந்தேன் மாப்ள" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார்.

தன் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைப் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறார். அதில் மூன்று பேர் முதுகைக் காட்டி ஒண்டிக்கொண்டு வர வேண்டும். "சித்த ஒதுங்குங்கண்ணே, இம்புட்டு எடம் கெடக்குல்ல" என்பார். அந்தப் பலகை காலியாக இருக்க வண்டி கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது.

அவர் மகள் சரண்யாதேவி சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்கு வந்து இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. இந்த மார்கழியில் போன் செய்தாள்.

"நாலு நாள்தேன்ப்பா லீவு. வரப்போகவே ஒரு நாள் போயிரும். அடுத்த வருசம் பாத்துக்குவமா?"

மூன்றாவது பொங்கலும் அவள் இல்லாமலா? ஆனால் ஆண்டிச்சாமி குரலில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வாரது ஒன்றரை மணி நேரந்தேன் தாயி. குளிச்சுக் கெளம்புற நேரந்தேன் ஆகும்."

எத்தனையோ முறை அவளே திருத்திய கணக்குதான். "நீ இருக்கியேப்பா" என்று சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே டிக்கெட் போனில் வந்து விழுந்தது. போகி அன்று காலை பதினொரு மணிக்கு இறங்குகிறாள்.

போகி அன்று ஏழு மணிக்கே வண்டி ஏர்போர்ட் வாசலுக்கு எதிரே, மொக்கையன் டீக்கடை ஓரம் நின்றுவிட்டது. மொக்கையன் விடுவாரா?

"பதினொரு மணிக்குத்தானண்ணே வருது? ஒங்க கணக்குக்கு ஒம்பதரைக்கு வந்தாப் போதாதா?"

"அங்கன ஒம்பதரைன்னா நமக்கு ஏழு. இப்பத்தேன் மேல ஏறியிருப்பா" என்றார் ஆண்டிச்சாமி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நாலு மணி நேரம் ஒத்தையில வரணும்ல, பிள்ள."

பிறகு ஸ்பேனரை எடுத்து, மகளின் பெட்டிக்கு இடம் வேண்டுமே என்று அந்தப் பலகையைக் கழற்றினார். அதை மண்ணில் போட்டு, வாசலைப் பார்த்தபடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.