கராம்பு மொட்டும் என் கணவரின் பிரிண்டரும்

அலவத்துகொடையில் ஒரு கலியாண வீட்டுக்கு, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பம் செய்து கொடுக்க என் ராத்தா ஒப்புக்கொண்டிருந்தார். விருந்தாளிக்கு ஒரு சின்னக் கப். அதன் மூடியில் ஒட்ட வட்டமான லேபிள் வேண்டுமென்று தங்கையான என்னிடம் வந்தார். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பவள். ஒரு கராம்பு மொட்டை வரைந்து, கீழே ‘வீட்டு வட்டிலப்பம்’ என்று மண்ணிறத்தில் எழுதினேன். முழுக்கக் கோடுகளால் ஆன படம் அது. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது.

அச்சடிக்கும் பொறுப்பு என் கணவருடையது; படத்தைப் பீடிஎஃப் கோப்பாக அவரிடம் கொடுத்தேன். அவர் கணித ஆசிரியர். எங்கள் மடவளை வீட்டில் பிளக்கில் செருகும் பொருட்கள் எல்லாம் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டவை. பிரிண்டரை நான் துடைத்தால்கூடப் பக்கத்தில் வந்து நிற்பார்.

முதல் தாள் வெளியே வந்தது. கராம்பு மொட்டு கம்பளிப்பூச்சி போல இருந்தது.

“ஹெட் அடைச்சீக்கிது,” என்றார் அவர்.

மை தெளிக்கும் அந்த ஹெட்டைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் வெகுநேரம் முனகிவிட்டு அதே கம்பளிப்பூச்சியைத் தந்தது. மறுபடி சுத்தம் செய்தார். மைதான் குறைந்தது. பிறகு, கண்டிக் குளிருக்கு மை ஒழுங்காக இறங்காது என்று முடிவுகட்டி, பிரிண்டரைத் தூக்கி வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார். வெயிலிலும் பூச்சிதான் வந்தது. கடைசியில் புது மை வாங்க டவுனுக்குப் புறப்பட்டார்.

அவர் போனதும் நான் அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். அச்சடித்த படம் வேர்டில் கிடந்தது. திரையிலேயே அதன் ஓரங்கள் பல்லுப் பல்லாக இருந்தன.

மைப் போத்தல்களோடு வந்தவரிடம் கேட்டேன்.

“இஞ்சாருங்க, நான் தந்த பீடிஎஃப் எங்க?”

“அது திறக்க நேரமெடுக்குது. அதுதான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்ட்ல போட்டேன். கொஞ்சம் சின்னதா இருந்திச்சி, இழுத்துப் பெரிசாக்கினேன்.” பரீட்சையில் குறுக்குவழி கண்டுபிடித்த மாணவனைப் போலச் சொன்னார்.

“நான் கோடா வரைஞ்சத நீங்க புள்ளியா மாத்தீக்கிறீங்க. புள்ளிய இழுத்தா மங்கத்தானே செய்யும்.”

அவர் பிரிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“அப்ப ஹெட்ல பிழையில்ல?”

“இல்ல.”

“குளிர்லயும்?”

“குளிர்லயும் இல்ல.”

பீடிஎஃப்பிலிருந்தே நேராக அச்சடித்தோம். கோடுகள் கோடுகளாக வந்தன. ஆனாலும் சாதாரணப் போட்டோகொப்பித் தாள் மையை உறிஞ்சியதால் ஓரம் லேசாகக் கசிந்தது. இன்க்ஜெட்டுக்கென்று விற்கும், பளபளப்பில்லாத மெட் ஸ்டிக்கர் தாளை வைத்தோம். செட்டிங்கில் சாதாரணத் தாள் என்றிருந்ததை மெட் தாள் என்று மாற்றி, தரத்தை உயர்த்தினோம். பிரிண்டர் மெல்ல மெல்ல, யோசித்து யோசித்து அடித்தது. மொட்டின் நுனி ஊசி போல வந்தது.

என் கணவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“படம் சரி. எழுத்து மட்டும் சொரசொரன்னு ஈக்கிது. இந்த மண்ணிறம் யார்ட வேல?”

என் வேலைதான். மண்ணிறத்துக்குத் தனி மை இல்லை. பிரிண்டர் பல நிறப் புள்ளிகளைக் கலந்துதான் அதைக் காட்டும். சின்ன எழுத்தில் அந்தப் புள்ளிகள் தெரிந்துவிடும். எழுத்தைத் தனிக் கறுப்பாக்கினேன். அடுத்த தாளில் எழுத்தும் பளிச்சென்று வந்தது. அன்று முழுவதும் அந்த மனிதர் சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

லேபிள்களை ராத்தாவிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஈக்கிது மச்சான். ஆனா கடைச் சாமான் மாதிரி ஈக்கிதே. நான் எங்கயோ வாங்கி மூடி மட்டும் மாத்தினேன்னு சனம் செல்லுமே.”

என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்பேன். ராத்தா அதையே ஒட்டினார். வேறு லேபிளும் இல்லை.

கலியாண வீட்டில் ஒருவர் கப்பைத் திருப்பிப் பார்த்து, எந்த அச்சகத்தில் அடித்தது என்று கேட்டார்.

“எங்கட வீட்டு பிரிண்டர்ல,” என்றார் என் கணவர், கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு. “மத்தவங்க விடுற பிழை என்னன்னா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்ட்ல போடுறது.”

அந்த மனிதர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் ராத்தாவுக்கு உதவப் போய்விட்டேன்.