பள்ளத்துப் பக்கம் அடிக்காத பாண்டி

போடி மலைக்குப் போக வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கிளப்பிவிட்டது கல்லூரித் தோழன் பாண்டிதான். சென்ற மாதம் போன் செய்தான். "மாப்ளே, ஞாயித்துக்கெழமை எஸ்டேட்டு கிரவுண்டுல வெளையாண்டு பாக்கப் போறேன். தனியா போகப் பயமா இருக்குடா, வா."

பாண்டி தொழில்முறைக் கால்பந்துக்காரன். கோல் முன்னால் மறித்து நிற்கும் ஸ்டாப்பர். பத்து வருடம் சென்னை, கேரளா, கொல்கத்தா என்று ஆடியவன். போன வருடம் முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்தால் ஒரு வருட ஒப்பந்தம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கோச் சொல்லிவிட்டார். முட்டி தாங்குமா என்று பார்க்கத்தான் இந்த ஆட்டம்.

மதுரையிலிருந்து போடிக்குப் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். காலை ஏழு மணிக்கு ஜீப். ஆளுக்கு நூறு ரூபாய். பாண்டி பக்கத்திலிருக்கும் சிலமலையிலிருந்து வந்து காத்திருந்தான்.

"வெரசா ஏறுங்கண்ணே, மேல மஞ்சு எறங்கிட்டா ரோடு தெரியாது" என்றார் டிரைவர் செல்வம். கொண்டை ஊசி வளைவுகளில் என் குடல் வாய்க்கு வந்தது. பாண்டியோ வழியெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தான்.

ஏலச்செடிகளுக்கு நடுவே, சரிவை வெட்டிச் சமப்படுத்திய சின்ன மைதானம். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் அதல பாதாளம். அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்ததால் பாண்டி ஆடிப் பழகியது இங்கேதான்.

"இங்க ஒரே சட்டந்தேன்" என்றார் செல்வம். "பந்தைப் பள்ளத்துல அடிச்சவனே போயி எடுத்தாரணும். வேற எவனும் எறங்க மாட்டான்."

அதனால் பாண்டிக்குப் பந்தை வெளியே அடிக்கவே வராது. ஆள் நெருங்கினாலும் சட்டென்று திரும்பி, பந்தைக் காலடியில் வைத்துத் தன் ஆளுக்குக் கொடுப்பான். பெரிய கிளப்புகள் அவனைத் தேடி வந்தது அதற்காகத்தான். போன வருடம் கவிழ்த்ததும் அதுதான். கடைசி நிமிடத்தில் கேலரிக்கு அடிக்க வேண்டிய பந்தோடு திரும்பினான். எதிராளி பறித்தான், எட்டிப் பிடிக்கப் போய் முட்டி போனது. கோலும் விழுந்தது. அன்று வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை, பாவம்.

ஆட்டம் தொடங்கியது. நன்றாகத்தான் ஆடினான். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்போது எதிரணிப் பையன் ஒருவன் வேகமாக முட்டிக்கொண்டு வந்தான். பாண்டி ஓங்கி ஓர் உதை விட்டான். பந்து பள்ளத்துக்குள் போய் மறைந்தது.

"ஆத்தாடி! பாண்டியா அடிச்சான்?" என்று வாயில் கை வைத்தார் செல்வம்.

நான் எடுக்க ஓடினேன். "நில்றா! நாந்தேன் அடிச்சேன்" என்று பாண்டியே இறங்கினான். ஆட்டம் நின்றது. எல்லோரும் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வெகு நேரம் கழித்து, செடிகளைப் பிடித்துப் பிடித்து, காலெல்லாம் அட்டைகளோடு பந்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான்.

"ஏறிட்டியே மாப்ளே! அப்ப நாளைக்குக் கெளம்பிற வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

அட்டைகள் மேல் உப்பைத் தேய்த்தபடி சொன்னான். "ஏறிறலாம்டா. பந்தோட திரும்பத்தேன் முடியல. திரும்ப முடிஞ்சிருந்தா பந்தை அங்கிட்டு அடிச்சிருக்கவே மாட்டேனே."

அங்கேயே கோச்சுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். பிறகு, "டேய், ஆட்டத்தப் போடுங்கடா" என்று தன் இடத்தில் போய் நின்றான்.

நீங்களும் போவதாக இருந்தால் ஸ்வெட்டரும் ஒரு பொட்டலம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வயிற்றைக் காலியாக வைத்திருங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் கீழே இறங்க ஜீப் கிடைப்பது கஷ்டம். ஞாயிறு என்றால் பாண்டி அங்கே இருப்பான், உங்களையும் ஆடக் கூப்பிடுவான். அவன் பந்தைப் பள்ளத்தில் அடித்தால் உதவுகிறேன் என்று ஓடாதீர்கள். அவனே போய் எடுத்து வருவான். கொஞ்சம் நேரமாகும், காத்திருங்கள்.