வெள்ளையன் மேல் விழுந்த பழி

கல்யாணமாகிப் பெரம்பலூருக்குக் குடிவந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அந்த ஊரில் எனக்கென்று இருந்தவர், பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த வீட்டுக்கார அக்கா ஒருவர்தான். பெண்கள் பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். ஊருக்கெல்லாம் ‘டீச்சர்’, அவருக்கு மட்டும் ‘ஏண்டி’.

கெடுத்தது முயல்கள்தான். என் கணவர் ஆசை ஆசையாக வளர்த்த கறுப்பு ஜோடி குட்டி போட்டது. அதில் இரண்டு வெள்ளை. அக்கா வளர்த்த கடுவன் முயலும் வெள்ளை. கொல்லையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே தடுப்பாக ஒரு மூங்கில் படல்தான். என் கணவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“உங்க வெள்ளையன் படலத் தாண்டிட்டான் போலருக்கே!”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “எங்க வூட்டுல அப்படி எதையும் வளக்கல சார்.”

மறுநாள் கிணற்றடியில் என்னிடம், “டீச்சர், நீங்க மொதல்ல எறச்சுக்கங்க” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த ‘ங்க’வைத் தாங்க முடியவில்லை.

யோசித்தால், நான் வகுப்பில் நடத்தும் பாடம்தான் இது. வெளியே கறுப்பாக இருக்கும் முயல் உள்ளே வெள்ளையை ஒளித்து வைத்திருக்கலாம். தாய், தகப்பன் இருவருமே ஒளித்து வைத்திருந்தால் வெள்ளைக் குட்டி பிறக்கும், பக்கத்து வீட்டு உதவி தேவையில்லை. தாயின் கதை வெள்ளைக் குட்டி போட்டபோதே தெரிந்துவிட்டது. தகப்பன்மேல்தான் சந்தேகம். எங்கள் கறுப்புக் கடுவனை ஒரு வெள்ளைப் பெட்டையோடு சேர்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் குட்டி பிறந்தாலும் போதும், அவன் குட்டு உடைந்துவிடும்.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து இவருடைய சிநேகிதர், கடுவன் முகமே பாராத வெள்ளைப் பெட்டை ஒன்றைக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். இந்தத் தடவை படலை நம்பவில்லை, கூண்டுக்குப் பூட்டுப் போட்டேன். “அக்கா, இதுக்குப் பேரு சோதனைக் கலப்பு!” என்று அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னேன்.

“இருக்கிற சோதன பத்தாதுங்களா டீச்சர்?” என்று உள்ளே போய்விட்டார்.

குட்டிகள் எல்லாம் கறுப்பாகப் பிறந்துவிட்டால் வெள்ளையன் மேல் பழி இன்னும் இறுகிவிடும். இறுக்கியவள் நானாகிவிடுவேன். அந்த மாதம் முழுக்கக் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலையில் பெட்டை தன் மயிரைப் பிய்த்து மெத்தை போட்டு, குட்டி ஈன்றிருந்தது. பிறந்த குட்டிக்கு மயிர் இருக்காது, தோலைப் பார்த்துத்தான் நிறம் சொல்ல வேண்டும்; ரோஸ் தோல் என்றால் வெள்ளை. முதல் குட்டி கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. இவர் தொண்டையைக் கனைத்தார். நான் மயிர் மெத்தையை இன்னும் கொஞ்சம் விலக்கினேன். அடியில், ரோஸ் நிறத்தில் ஒரு குட்டி!

“அக்கா!” என்று கத்தினேன்.

வெள்ளையனைத் தூக்கிக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “என்கிட்ட வேணாம். இவன்கிட்ட சொல்லுங்க சார்.”

இவர் குனிந்து, முயலின் காதருகே, “தப்பாப் பேசிட்டேங்க, மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பெத்தவளுக்குத் திங்க ஏதாச்சும் வச்சியாடி, இல்ல கறுப்பு வெளுப்பு பாத்துக்கிட்டே நிக்கிறியா?”

நான் அழுதுகொண்டே அறுகம்புல் பறிக்க ஓடினேன்.