இறக்கையடியில் மஞ்சள் டேப்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் தாராளமாகப் படிக்கலாம். விமானி ஜெயகுமார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் யாரும் இதுவரை சிரித்ததில்லை. தம்போய் ஊரில் அவர் வீட்டுக்குப் போனால் இன்றும் சொல்வார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்லாமல் இருக்க அவருக்குப் பயம்.

சிகாமட் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தனியார் ஓடுபாதை. அங்கே ஒற்றை இஞ்சின் விமானம் ஒன்று. பழசு, நாலு பேர் உட்காரலாம். தோட்டங்களை மேலிருந்து படம் எடுக்கத்தான் அது பறக்கும். ஜெயகுமார் அங்கே சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இதற்கு முன்பிருந்த விமானம் ஐந்து வருடத்துக்கு முன் இஞ்சின் நின்று தோட்டத்துக்குள் விழுந்து எரிந்தது. ஓட்டிய வீரமுத்து செத்துப்போனார். குடித்துவிட்டு ஏறினார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் பையில் பாட்டில் இருந்ததாம்.

விமானங்களைப் பழுது பார்ப்பவர் கமலநாதன். அனுபவசாலி. அடர்த்தியான நரை மீசை, அதைத் தடவாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பராமரிப்பு முடிந்ததும் சோதனை ஓட்டத்தில் மெக்கானிக்கும் கூட ஏற வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆனால் வீரமுத்து போனதிலிருந்து கமலநாதன் ஏறவே இல்லை. முதுகு வலி, தலைசுற்றல் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வார். அந்த மார்ச் மாதக் காலையில் முதலாளி விடவில்லை. ஏறித்தான் ஆக வேண்டும் என்றார்.

கிளம்புமுன் ஜெயகுமார் விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். இறக்கைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு சிறு குழாய் இருக்கும். பெட்ரோல் டேங்குக்கு அதுதான் மூக்கு. அது அடைபட்டால் காற்று உள்ளே போகாது, பெட்ரோல் இறங்காது, இஞ்சின் திணறி நின்றுவிடும். தொட்டுப் பார்த்தார். திறந்துதான் இருந்தது.

முன்பக்கம் வந்தவர் நின்றார். காற்றாடியின் மூக்கில் சந்தனம். அதன் நடுவே குங்குமப் பொட்டு. ஈரம் காயவில்லை.

"அண்ணே, பூஜை போட்டீங்களா?"

"மார்ச் மாசத்துல என்ன பூஜைலா!" சிரித்துக்கொண்டே வந்தார் கமலநாதன். பொட்டைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. துணியால் அழுத்தித் துடைத்தார்.

ஏழேகால் மணிக்கு மேலே ஏறினார்கள். இஞ்சின் சீராக ஓடியது. கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. இறங்கவேண்டி வந்தால் ஓடுபாதையைத் தவிர ஒரு முழம் வெட்டவெளி கிடையாது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனை. யாரோ அப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி.

பின் இருக்கையில் 'டக்' என்று ஒரு சத்தம்.

இருக்கை பெல்ட் பூட்டும் சத்தம் அது. ஜெயகுமாருக்கு அது நன்றாகவே தெரியும். திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. ஆனால் பெல்ட் பூட்டியிருந்தது... இறுக்கமாக.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம். தன்னுடையது. கமலநாதனுடையது.

இன்னொன்று...

இஞ்சின் இருமியது. ஒருமுறை. மறுபடி. சக்தி குறைந்துகொண்டே வந்தது. ஜெயகுமார் விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார். டேங்கை மாற்றினார். பம்பைப் போட்டார். எதற்கும் இஞ்சின் மசியவில்லை. ஓடுபாதை எட்டாது. பனைகள் மேலே வந்துகொண்டே இருந்தன.

அப்போது ஹெட்செட்டில் ஒரு குரல்.

"டேப்ப எடுத்தியா கமலு?"

கமலநாதனை யாரும் கமலு என்று கூப்பிட்டு ஜெயகுமார் கேட்டதில்லை.

"முத்து..." கமலநாதன் கத்தினார். "வேணாண்டா முத்து!"

"எடுத்தியா?"

இஞ்சின் இன்னும் திணறியது.

"எடுக்கல... எடுக்கல! ஆயுத பூஜைக்கு கழுவுறப்ப தண்ணி போவக்கூடாதுன்னு கொழாய்ல டேப் ஒட்னேன். மறந்துட்டேன். மேல சந்தனத்த வேற பூசிட்டேன், உன் கண்ணுல படல. விழுந்த எடத்துக்கு மொதல்ல ஓடினவன் நான்தான். ரெக்கை தனியா கெடந்துச்சு. நான்தான் உரிச்சு எடுத்தேன். எரியாம வெளிய கெடந்த உன் பையில பாட்டில வச்சதும் நான்தான்!"



"என் பொண்டாட்டிய குடிகாரன் பொண்டாட்டின்னு கூப்புடுறாங்க."

பனை ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன...

"கீழ போயி சொல்லுங்க. ரெண்டு பேரும்."

இஞ்சின் உறுமியது. முழு சக்தி. ஓலை உரசும் உயரத்தில் விமானம் நிமிர்ந்தது.

இறங்கியதும் ஜெயகுமார் முதலில் குழாயைத்தான் பார்த்தார். திறந்தே இருந்தது. பின் இருக்கை பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. இஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

கமலநாதன் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். மீசையைத் தடவினார். "பயத்துல என்னமோ ஒளறிட்டேன் தம்பி. நீங்க ஒண்ணும் கேக்கல. எனக்கு பென்ஷன் வாங்குற வயசு. உங்களுக்கும் வேலை வேணும்ல?"

ஜெயகுமார் தலையாட்டினார். ஆமாம், ஆட்டினார். வேலை போய்விடுமே என்று பயந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதலாளி போன் செய்தார். கமலநாதன் இரவு தூக்கத்திலேயே இறந்துவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை. மூச்சுத் திணறல் என்றார் டாக்டர். ஆனால் உடம்பைக் குளிப்பாட்டிய உறவினர்கள் வேறொன்றைப் பார்த்தார்கள் என்றார் முதலாளி. மூக்கையும் வாயையும் சேர்த்து, ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னம் வரை, நேர்கோடாகப் பசை. மீசையில் பாதியைக் காணோம், யாரோ பிய்த்து எடுத்ததுபோல. வீடு முழுக்கத் தேடினார்கள். ஒட்டும் பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

ஜெயகுமார் போனை வைத்துவிட்டுத் தன் விமானப் பையை எடுத்தார். நேற்று அவரே பூட்டிய பை. சாவி அவரிடம்தான் இருந்தது.

திறந்தார்.

ஹெட்செட்டின் மைக்கை மூடி, இறுக்கமாக, மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனை வந்தது. மெல்ல உரித்தார்.

பசைப்பக்கம் முழுக்க நரைத்த மீசை முடி.

அன்று மதியமே அவர் மாசாய் ஊருக்குப் போனார். வீரமுத்துவின் மனைவி புஷ்பவள்ளி தொழிற்சாலை வேலை முடிந்து வரும்வரை அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னார். பிறகு முதலாளியிடம் சொன்னார். போலீஸில் சொன்னார். அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.